நான்கு ஹெக்டேயருக்குக் கீழே

வாடைமழைக்கு முன் நிரப்பி முடித்துவிட வேண்டும். ஐப்பசி பிறந்தால் டிப்பர் தரவைக்குள் இறங்காது. இந்த அவசரம் திருகோணமலை வாசகர்களின் கடிதங்களிலும் தெரிகிறது. "வெள்ளம் நிற்கும் காணி, நிரப்ப விடமாட்டார்கள்தானே?" என்று சிலர் கேட்கிறார்கள். "அனுமதி தேவையில்லை என்று தரகர் சொல்கிறார்" என்கிறார்கள் வேறு சிலர். தரகர் சொல்வது சில இடங்களில் உண்மையாகிவிடுவதுதான் சிக்கல்.

1993 ஜூன் 24ஆம் திகதி வர்த்தமானியின்படி, 4 ஹெக்டேயருக்கு மேற்பட்ட ஈரநிலத்தை நிரப்பச் சுற்றாடல் மதிப்பீடு வேண்டும். அது ஏறத்தாழ 10 ஏக்கர். அதற்குக் குறைந்தால் வேண்டாம். 24 ஏக்கர் சதுப்பை வாங்கியவர் மூன்று பெயரில் உறுதி முடித்தால், ஒவ்வொரு துண்டும் வரம்புக்குக் கீழே வந்துவிடும். வழிந்தோட இடமில்லாமல் அயல் வளவுக்குள் ஏறும் தண்ணீர் மட்டும் குறையாது.

இதை எழுதியவர்களுக்கும் அந்தத் தந்திரம் தெரிந்திருக்க வேண்டும். அதே வர்த்தமானியின் மூன்றாம் பகுதியில் ஒரு பூட்டு இருக்கிறது: பிரகடனப்படுத்தப்பட்ட வெள்ளப் பிரதேசத்துக்குள் காணியின் ஒரு மூலை பட்டாலும் அளவு வரம்பு செல்லாது, அரை ஏக்கருக்கும் மதிப்பீடு வேண்டும். 25 மீற்றருக்கு மேல் அகலமான ஆற்றின் கரையிலிருந்து 60 மீற்றருக்குள்ளும் இதே விதிதான். மகாவலி கொட்டியாரக் குடாவில் விழும் பக்கத்தார் கவனிக்கவும்.

பூட்டு நல்லது. ஆனால் வெள்ளம் வந்ததால் மட்டும் ஒரு காணி வெள்ளப் பிரதேசமாகாது; வெள்ளப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழோ, 1968ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் காணி மீட்டல் சட்டத்தின் கீழோ பிரகடனம் வர வேண்டும். இரண்டாவது சட்டத்தை நடத்தும் கூட்டுத்தாபனம் சதுப்பை நிரப்பி அபிவிருத்தி செய்யவென்றே கொழும்பில் பிறந்தது. தாழ்நிலத்தைக் காக்கும் பொறுப்பும் பிறகு அதன் தலையிலேயே விழுந்தது. காவலும் நிரப்பலும் ஒரே கையில் இருக்கும்போது "முறைப்படி அனுமதிக்கப்பட்டது" என்ற விளக்கத்தை அப்படியே விழுங்க முடியவில்லை. தியவன்னாச் சதுப்பில் 1982இல் திறந்த பாராளுமன்றத்தையே 2010 நவம்பர் வெள்ளம் சூழ்ந்தது.

மற்றக் கேள்விகள்:

வயலானால்? கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதியின்றி நிரப்பக்கூடாது.

கடற்கரையானால்? உயர்நீர்க் கோட்டிலிருந்து 300 மீற்றர் வரை கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தைக் கேளுங்கள்.

உறுதி சுத்தமாக இருக்கிறதே? உறுதி உரிமைக்குத்தான், நிரப்புவதற்கல்ல.

பிரகடனம் உண்டா என்று எப்படி அறிவது? 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வர்த்தமானி இலக்கத்தையும் வரைபடத்தையும் எழுத்தில் கேளுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலைநாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். முற்பணம் கொடுக்குமுன் கேளுங்கள்.