இடுப்புக்கு அடியில் ஒரு கை

அப்புத்தளையில் தை மாதத்துக் குளிர் தரையிலிருந்து ஏறும். கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,430 மீற்றர் உயரத்தில், மலைமுகட்டின்மேல் உட்கார்ந்திருக்கும் ஊர் இது. தெற்கிலிருந்து எழும் மூடுபனி, பொழுது சாயும் முன்பே லயத்து இஸ்தோப்புக்குள் வந்துவிடும். காம்பராவின் சீமெந்துத் தரை விடியும்வரை சில்லிட்டுக் கிடக்கும். அந்தத் தரையில்தான் அம்மா முப்பது வருடத்துக்கு மேல் படுத்தெழுந்தார்.

அவர் படுக்கை போடுவதற்கு ஓர் ஒழுங்கு இருந்தது. முதலில் பிரித்து விரித்த உரச்சாக்கு இரண்டு. அதன்மேல் கடையில் கேட்டு வாங்கிய அட்டைப்பெட்டி. பிறகு பன்பாய், பாயின்மேல் பழைய கம்பளி, கம்பளியின்மேல் நாலாக மடித்த பழஞ்சீலை. இடுப்பு வருகிற இடத்தில் மட்டும் சீலை இன்னொரு மடிப்புக் கூடியிருக்கும். ஈரத்தைச் சாக்கு தடுத்தது, குளிரை அட்டை தடுத்தது, எலும்பு தரையில் உறுத்தாமல் கம்பளியும் சீலையும் பார்த்துக்கொண்டன. இன்றைக்கு மெத்தைக் கடையில் அடுக்கடுக்காக வெட்டிக் காட்டும் மாதிரியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் படுக்கைதான் நினைவுக்கு வரும்.

அம்மாவைப் போலத் தேயிலைக் கொழுந்தெடுப்பவர்களின் வலி எங்கே தொடங்குகிறது என்பது மலையில் ஒரு நாள் நின்று பார்த்தால் தெரிந்துவிடும். கூடையின் கயிறு நெற்றிக்கு மேலே, பாரம் முதுகில். ஆகவே கழுத்து முன்னே தள்ளிக்கொண்டே இருக்கும். சரிவில் ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே. மரத்துக்கு மேல் குனிந்து இரண்டு கையும் ஓயாமல் ஓடும். நாளுக்கு 18, 20 கிலோ எடுத்தால்தான் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம். அப்படி வேலை செய்த இடுப்பு இரவில் எட்டு மணிநேரம் எதன்மேல் கிடக்கிறது என்பதை வசதி பற்றிய பேச்சாக ஒதுக்கிவிட எனக்கு மனம் வருவதில்லை. பனடோலும் சித்தாலேபவும் பகல் வலிக்கு. இரவுக்குப் படுக்கைதான் மருந்து.

"நாரி வலியா, பலகையில படு" என்று பெரியவர்கள் சொல்வார்கள். வைத்தியர்களும் வெகுகாலம் அதையே சொன்னார்கள். 2003இல் ஸ்பெயினில் பிரான்சிஸ்கோ கோவாக்ஸ் என்ற வைத்தியரும் அவருடைய குழுவினரும் இதைச் சோதித்தார்கள். நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 313 பேரில் ஒரு பாதிக்குக் கெட்டி மெத்தை, மறுபாதிக்கு நடுத்தரக் கெட்டியான மெத்தை. 90 நாள் கழித்துப் பார்த்தபோது, படுத்திருக்கையில் வரும் வலியும் எழும்பும்போது வரும் வலியும் நடுத்தர மெத்தைக்காரர்களுக்கே கூடுதலாகக் குறைந்திருந்தன. 2008இல் டென்மார்க்கில் 160 பேரிடம் செய்த ஆய்விலும் கெட்டியான படுக்கை பின்தங்கியது, ஆனால் வித்தியாசம் பெரிதல்ல. எனவே மெத்தை வலியைத் தீர்க்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அது இரவில் வலியைக் கூட்டாமல் இருந்தாலே நமக்குப் போதும்.

இரண்டு வருடத்துக்கு முன் கொழும்பில் வேலை செய்யும் தங்கச்சி, அம்மாவுக்கு, மெத்தையின்மேல் விரிக்கும் மெமரி போம் டொப்பர் ஒன்று வாங்கி அனுப்பினாள். இரண்டு அங்குலத் தடிப்பு. அதற்குள் ஒரு இரும்புக் கட்டிலும் தும்பு மெத்தையும் வீட்டுக்கு வந்திருந்தன. அம்மா டொப்பரை விரித்து, வழக்கம்போல அதன்மேல் கம்பளியையும் போட்டுப் படுத்தார். கொஞ்ச நேரத்தில் எழும்பி உட்கார்ந்துவிட்டார்.

"என்னா புள்ள இது, பலகை மாதிரி இருக்கு?"

பிழை டொப்பரில் இல்லை, குளிரில் இருந்தது. மெமரி போம் 1966இல் அமெரிக்காவின் நாசாவுக்காகச் சார்ல்ஸ் யோஸ்ட் உருவாக்கிய பொருள். சூட்டில் இளகும், குளிரில் இறுகும். கொழும்பின் வெக்கையில் கை வைத்ததும் அமுங்குவது, எங்கள் ஊர் தை மாதத்து இரவில் உடம்புச் சூடு ஏறும்வரை கட்டையாகவே இருக்கும். அந்தச் சூடும் போய்ச் சேராதபடி நடுவில் தடித்த கம்பளி. மறுநாள் கம்பளியை டொப்பருக்குக் கீழே மாற்றினோம். மேலே மெல்லிய பருத்தி விரிப்பு மட்டும். படுக்கப் போவதற்குக் கால் மணிநேரம் முன்பு, துணி சுற்றிய சுடுதண்ணீர்ப் போத்தலை இடுப்பு வரும் இடத்தில் வைத்தோம். அன்றிரவு அம்மா எழும்பவில்லை.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு, இந்த உயரத்தில் இரப்பர்ப் பாலில் செய்த லேடெக்ஸ் டொப்பரைத்தான் நான் சொல்வேன். குளிரில் அது அப்படி இறுகாது. அமுக்கிக் கையை எடுத்ததும் எழும்பிவிடும், புரண்டு படுப்பது சுலபம். நம் ஊவாவிலேயே மொனராகலையில் இரப்பர் விளைகிறது. ஆனால் விலை அதிகம். 2024இல் நாள் சம்பளம் 1,350 ரூபாய் என்று வர்த்தமானி வந்த தோட்டத்தில், பல நாள் பேரை ஒன்றாகச் சேர்த்தால்தான் அதை வாங்க முடியும். முடியாதவர்கள் நல்ல இலவம்பஞ்சில் மெல்லிய மெத்தை ஒன்று தைத்துத் தும்பு மெத்தையின்மேல் போடலாம். பஞ்சு நாளடைவில் அமுங்கிக் கட்டி கட்டும், அடித்து உதறிக் காயவைக்க வேண்டும். அப்புத்தளையில் வெயில் காலையில்தான். மத்தியானத்துக்குள் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பனி ஏறிப் பூஞ்சணம் பிடிக்கும். தும்பும் பஞ்சும் வெயில் தாங்கும். லேடெக்ஸை மட்டும் நிழலில் காற்றாட விடுங்கள், வெயில் பட்டால் பொரிந்து உதிரும்.

டொப்பர், கெட்டியான படுக்கையை இளக்கும். குழிந்துபோன மெத்தையை நிமிர்த்தாது. குழிக்குமேல் என்ன விரித்தாலும் அதுவும் குழிந்தே கிடக்கும். அங்கே முதலில் வேண்டியது, மெத்தைக்கு அடியில் ஒரு பலகை. இரண்டு அங்குல டொப்பரைத் தனியாகச் சீமெந்தில் போட்டாலும் பயனில்லை, இடுப்பெலும்பு அடிதட்டும். ஒரு அடி உயரக் கட்டிலாவது இருந்தால் நல்லது. தரையிலிருந்து கையூன்றி எழும்ப முழங்கால் படும் பாடு வயதானவர்களுக்குத்தான் தெரியும். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் கட்டில் ஒன்றுக்குத்தான் இடம் என்றால், வீட்டில் யாருக்கு வலி கூடுதலோ அவருக்கே அதைக் கொடுங்கள்.

கடையில் பார்க்கும்போது விரலால் அமுக்கி முடிவு செய்யாதீர்கள். மல்லாந்து படுங்கள். இடுப்பின் வளைவுக்கு அடியில் கையை நுழையுங்கள். கை தாராளமாகப் போய்வந்தால் படுக்கை கெட்டி. நுழையவே முடியாமல் இடுப்பு அமிழ்ந்திருந்தால் மிருது அதிகம். உள்ளங்கை லேசாக உரசிக்கொண்டு போக வேண்டும். ஒருக்களித்துப் படுப்பவர்கள், தோளும் இடுப்பும் கொஞ்சம் அமிழ்ந்து முதுகெலும்பு நேராக நிற்கிறதா என்று கூட வந்தவரைப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் முழங்கால்களுக்கு நடுவே ஒரு மடித்த சீலை வைத்துக்கொண்டால் இடுப்பின் இழுப்புக் குறையும். மல்லாந்து படுப்பவர்களுக்கு அதே சீலை முழங்காலுக்கு அடியில்.

கால் மரத்துப்போவது, காலில் பலம் குறைவது, சிறுநீர் கட்டுக்குள் நில்லாதது, வலியோடு காய்ச்சல், இவை படுக்கையால் தீராதவை. தியத்தலாவை ஆதார வைத்தியசாலைக்கோ பதுளைப் பெரியாஸ்பத்திரிக்கோ அன்றைக்கே போய்விட வேண்டும்.

போன மாதம் பக்கத்துக் காம்பராப் பெரியம்மா மலையிலிருந்து இறங்கி நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். இன்னும் பேர் போட்டுக்கொண்டிருப்பவர். "ஒங்க அம்மா மெத்தைய ஒரு தடவ பாக்கணும்" என்றார். இடுப்பில் கட்டியிருந்த படங்கை அவிழ்த்து இஸ்தோப்பில் போட்டார், கால் கழுவினார், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சாய்ந்தார். நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தபோது தூங்கியிருந்தார். நெற்றிக்கு மேலே கூடைக்கயிறு அழுத்திய தடம் அப்படியே இருந்தது. அம்மா கம்பளியை எடுத்து அவர் கால்மேல் போர்த்திவிட்டு, கதவைச் சாத்தச் சொன்னார்.