ஓய்வால் தீராத இடுப்பு வலி

'வலித்தால் சற்றுப் படுத்திரு' என்பது நம் வீடுகளில் பெரியவர்கள் கூறும் முதல் மருத்துவம். பெரும்பாலான வலிகளுக்கு அது பொருந்தும். ஆனால், படுத்தால் மிகுவதும் நடமாடினால் குறைவதுமான இடுப்பு வலி ஒன்று உண்டு. நம் போன்ற மாணவர் பருவத்திலேயே அது தொடங்கக்கூடும் என்பதால், அதைப்பற்றி அறிந்திருத்தல் நலம்.

முதுகெலும்பின் அடியில் முக்கோண வடிவில் அமைந்திருப்பது திரிக எலும்பு. அதன் இருபுறமும் இடுப்பெலும்புகள் வந்து சேரும் இடங்களே திரிக இடுப்பு மூட்டுகள். இவை முழங்காலைப் போல் மடங்கி நீள்வதில்லை. மிகச் சிறிதளவே அசையும். உடலின் மேற்பாதிச் சுமையைக் கால்களுக்கு இறக்கிவிடுவதே இவற்றின் பணி.

கீழே விழுதல், பளு தூக்குதல், பேறுகாலத்தில் மூட்டு நார்கள் தளர்தல் ஆகியவற்றால் இங்கு வலி தோன்றலாம். இது வேலை செய்யும்போது மிகும். பளுவைக் குறைத்து, முறையான பயிற்சி செய்தால் பெரும்பாலும் தணியும்.

மற்றொரு வகை, மூட்டின் அழற்சியால் வருவது. இருபாலரையும் தாக்கும் இது, பெரும்பாலும் 40 வயதுக்கு முன்னரே மெல்லத் தொடங்கி, 3 மாதங்களுக்கு மேலும் நீடிக்கும். பின்னிரவில் வலி உறக்கத்தைக் கலைக்கும். காலையில் அரைமணிக்கு மேல் இடுப்பு விறைத்திருக்கும். சிலருக்குக் கண் சிவந்து வலிக்கும். 'சோம்பேறி, எழ மனமில்லை' என்று வீட்டார் கடிந்துகொள்வதும் உண்டு! கவனியாது விட்டால், காலப்போக்கில் சிலருக்கு முதுகெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கூன் விழுந்துவிடும்.

எக்ஸ்ரே படத்தில் மாற்றம் தெரியப் பல ஆண்டுகள் ஆகலாம். எனவே, 'படத்தில் ஒன்றுமில்லை' என்ற அளவில் நின்றுவிடலாகாது. எம்.ஆர்.ஐ. படம் அழற்சியை முன்னதாகவே காட்டக்கூடும். எச்.எல்.ஏ. பி27 என்னும் மரபுக்கூறுக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பு 1973இல் வெளியாயிற்று. எனினும் அக்கூறு உடையவருள் பெரும்பாலோர்க்கு நோய் வருவதேயில்லை.

அழற்சி தணிக்கும் மாத்திரைகள், நாள்தோறும் முதுகை நிமிர்த்தும் பயிற்சி, புகைப்பழக்கத்தை விடுதல் ஆகியவை மருத்துவத்தின் அடிப்படை. இவை போதாதபோது ஊசி மருந்துகளும் இன்று உள்ளன. மாத்திரைகள் வயிற்றையும் சிறுநீரகத்தையும் தாக்கக்கூடும். ஆதலின் கடையில் தாமாக வாங்கி விழுங்குதல் கூடாது.

நண்பர்களே! விடியலில் விறைத்து, நடக்க நடக்கத் தளரும் வலியைச் சோம்பல் என்றெண்ணி மறைக்காதீர். காலத்தே மூட்டு நோய் மருத்துவரை நாடினால், நிமிர்ந்து நடக்கும் வாய்ப்பு நம் கையிலேயே உள்ளது.