தட்டிப் பாருங்கள், தரை பேசும்!

புது வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது தரையைத்தான். "அடேயப்பா, முகம் பார்க்கலாம் போலிருக்கிறதே!" என்பார்கள். வீட்டுக்கார அம்மாளுக்கு உச்சி குளிர்ந்துவிடும். ஆறு மாதம் கழித்து அதே அம்மாளைப் பாருங்கள். கூடத்தில் ஒரு குறிப்பிட்ட இடம் வந்ததும் காலை எட்டி வைத்துத் தாண்டிப் போவார். அங்கே ஒரு டைல் 'லொட்'டென்று ஆடும். குளியலறையிலோ, தண்ணீர் மூலைத் துவாரத்துக்குப் போகாமல் வாசற்படி ஓரம் குளம் கட்டி நிற்கும்.

மேஸ்திரியைக் கூப்பிட்டுக் கேட்டால், "அது ஒண்ணும் பண்ணாதும்மா. எல்லா வீட்லயும் இப்படித்தான் இருக்கு" என்பார். எல்லா வீட்டிலும் இப்படி என்பதென்னவோ பாதி உண்மைதான். ஏன் இப்படி என்பதைத்தான் அவர் சொல்வதில்லை.

நம் பாட்டி வீட்டுத் தரைகளைச் சற்று நினைத்துப் பாருங்கள். செட்டிநாட்டு ஆத்தங்குடிக் கல், கண்ணாடித் தகட்டின் மேல் வர்ணக் கலவையை ஊற்றி, மேலே ஸிமெண்டும் மணலும் வைத்து வார்த்து, தண்ணீரில் ஊறப் போட்டு எடுக்கும் கல். அது சூளையையே பார்த்ததில்லை. கல்லும் ஸிமெண்டு, கீழே விரிக்கும் கலவையும் ஸிமெண்டு. ஒரே ஜாதி! சம்பந்தம் சுலபமாக முடிந்தது. மொஸைக் தரை இன்னும் சௌகரியம். போட்டு இறுகிய பிறகு மெஷினை வைத்துத் தேய்ப்பார்கள். மேடு பள்ளமெல்லாம் தேய்ப்பிலேயே போய்விடும்.

இன்று கடைகளில் கிடைக்கும் 'விட்ரிஃபைட்' டைலின் குணமே வேறு. கடுஞ்சூட்டில் வெந்து ஏறக்குறைய கண்ணாடியாக இறுகிய பண்டம் அது. தன் எடையில் நூற்றில் அரைப் பங்கு தண்ணீரைக்கூட உறிஞ்சாது. உறிஞ்சாத கல்லில் ஸிமெண்டுப் பால் எப்படி உள்ளே இறங்கிப் பிடித்துக் கொள்ளும்? 'தண்ணீரில் ஊறப் போட்டுப் பதியுங்கள்' என்ற பழைய பாடம் சுவரில் பதிக்கும் உறிஞ்சும் கல்லுக்குச் சரி, இதற்கு உதவாது. கல் மாறிவிட்டது, பதிக்கும் முறை பல இடங்களில் மாறவில்லை. தகராறு முழுவதும் இதில்தான் ஆரம்பம்.

இந்தக் கல்லுக்கென்றே ஒட்டுப் பசை விற்கிறார்கள். இந்தியத் தரக் குறியீடு ஐ.எஸ். 15477 அந்த மூட்டையின் மேல் இருக்கிறதா என்று பாருங்கள். பல் வைத்த கரண்டியால் அதைத் தரையில் கோடு கோடாக இழுத்து, பெரிய கல்லாக இருந்தால் அதன் முதுகிலும் ஒரு பூச்சுப் பூசி அழுத்த வேண்டும். முதுகில் சூளையிலிருந்து ஒட்டி வந்த வெள்ளைப் பொடி இருந்தால் அதைத் துடைத்துவிட வேண்டும். இதையெல்லாம் செய்ய நேரம் ஏது? பசையையே வாங்கிக் கொடுத்தாலும், அடை தட்டுவது போல நாலு மூலைக்கும் நடுவுக்கும் ஐந்து உருண்டை வைத்து, மேலே கல்லைப் போட்டுத் தட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. உருண்டைகளுக்கு நடுவே வெறும் காற்று!

அந்தக் காற்றைக் கண்டுபிடிக்க எஞ்ஜினீயர் வேண்டாம். சந்தையில் மண்பானையைத் தட்டிப் பார்த்து வாங்கத் தெரிந்த நம் பெண்களுக்கு இது ஒரு வித்தையா? கல் பதித்துச் சில நாள் இறுகிய பிறகு, ஒரு ரூபாய் நாணயத்தால் ஒவ்வொரு கல்லையும் நடுவிலும் நாலு மூலையிலும் தட்டுங்கள். 'டக்'கென்று கெட்டியாகக் கேட்டால் சரி. காலி டப்பாவைத் தட்டினாற் போல 'டொப்'பென்றால் அடியில் ஒன்றுமில்லை. அந்த இடத்தில் சாக்குக் கட்டியால் பெருக்கல் குறி போடுங்கள். குறியோடு போட்டோ எடுத்துக் கொள்ளுங்கள். கடைசித் தவணைப் பணம் உங்கள் கையில் இருக்கும்போதே இதைச் செய்வது உசிதம்.

'டொப்' என்ற கல்லையெல்லாம் பெயர்க்க வேண்டுமென்பதில்லை. படுக்கையறையில், கட்டிலுக்கடியில், கல்லின் நடுவே உள்ளங்கையகலம் பொள்ளலாக இருந்தால் நான் அதை விட்டுவிடச் சொல்வேன். மூலையும் விளிம்பும் பொள்ளலாக இருந்தால் விடக் கூடாது. சமையலறையில் நிறை காஸ் சிலிண்டர் சுமார் 30 கிலோ. அதைச் சாய்த்து விளிம்பில் உருட்டிக்கொண்டு வரும்போது முழுப் பாரமும் ஒரே இடத்தில் இறங்கும். பொள்ளல் மூலை படாரென்று உடையும். சுவரில் தலைக்கு மேலே பொள்ளல் கேட்டால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள்.

ஆடாமல், பொள்ளலாக மட்டும் உள்ள கல்லுக்கு, ஓரக் கோட்டில் சிறு துளை போட்டு எப்பாக்ஸிப் பசையை உள்ளே செலுத்தலாம். ஆடுகிற கல்லைப் பெயர்த்துத்தான் ஆக வேண்டும். முதலில் நாலு பக்கக் கோட்டையும் அறுத்துவிட்டு, கல்லை நடுவில் உடைத்து வெளிப்புறமாக எடுத்து வரச் சொல்லுங்கள். ஓரத்திலிருந்து நெம்பினால் பக்கத்துக் கல் மூளியாகும். ஒரு கல் வேலை நாலு கல் வேலையாகிவிடும். மெஷின் போட்டு அறுக்கும் தூசு நுரையீரலுக்கு ஆகாது. குழந்தைகளை வேறு அறைக்கு அனுப்பிவிட்டு, அறுக்கிற இடத்தில் தண்ணீர் விடச் செய்யுங்கள்.

மேடு பள்ளத்துக்கு ஒரு சோதனை. இரண்டு கல் சேருமிடத்தில் ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்கே வைத்து, கீழே உங்கள் ஏ.டி.எம். அட்டையை நுழையுங்கள். அட்டையின் கனம் முக்கால் மில்லிமீட்டர். அது தாராளமாக நுழைந்து போனால் கால் விரலும் அங்கே இடறும். மரப் பலகை போன்ற நீளக் கற்களில் இந்தத் தொல்லை அதிகம். சூளையில் அவை லேசாக வில்லாக வளைந்திருக்கும். செங்கல் கட்டுவது போலப் பாதிக்குப் பாதி மாற்றி வைத்தால், ஒன்றின் மேடான நடு மற்றதன் தாழ்ந்த முனையோடு முட்டும். மூன்றிலொரு பங்கு மட்டும் தள்ளி வைக்கச் சொன்னால் போதும்.

இனி குளியலறை. எலும்பு முறிகிற இடம் இது. அழகு கெட்டால் பொறுக்கலாம், மாமியார் வழுக்கி விழுந்தால் பொறுக்க முடியுமா? அடிக்கு அரைக்கால் அங்குலம் வாட்டம் வேண்டும். ஐந்தடி அறையென்றால் வாசலுக்கும் தண்ணீர்த் துவாரத்துக்கும் அரை அங்குலத்துக்கு மேலேயே தாழ்வு இருக்க வேண்டும். மேஸ்திரி "ரசமட்டம் வச்சுப் பார்த்தேம்மா" என்றால் சந்தோஷப்பட்டு விடாதீர்கள். அங்கே மட்டமாக இருப்பதே குற்றம்! அவர் எதிரிலேயே ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிப் பத்து நிமிஷம் பாருங்கள். தேங்கினால் பெயர்த்துப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை. பெயர்க்கும்போது அடியிலுள்ள நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சும் போய்விடும். அதையும் புதிதாகப் பூசி, தண்ணீர் தேக்கி, ஒரு நாளாவது வைத்துப் பார்த்த பிறகே கல். இல்லாவிட்டால் கீழ் வீட்டு அம்மாள் படியேறி வருவார்.

"கோடே தெரியாமல் ஒட்டி ஒட்டிப் பதியப்பா" என்று நாமே சொல்வதும் உண்டு. சொல்லக் கூடாது. கற்களுக்கு நடுவே இரண்டு மில்லிமீட்டராவது, சுவரோரம் அதைவிடக் கூடுதலாக இடைவெளி வேண்டும். கல்லும் கீழேயுள்ள காங்கிரீட்டும் சூட்டுக்கும் ஈரத்துக்கும் ஒரே மாதிரி நீண்டு சுருங்குவதில்லை. நகர இடமில்லாத கல் கூரை போல் மேலே கிளம்பும். 2018 ஜனவரியில் சிங்கப்பூரில் அடைமழையும் குளிருமாக இருந்தபோது, பல அடுக்குமாடி வீடுகளில் தரைக்கல் இப்படிப் பொங்கி எழுந்தது.

கோட்டில் அடைத்த ஸிமெண்டைக் கறை போக ஆசிட் விட்டுத் தேய்க்காதீர்கள். கறையோடு கோடும் கரையும். ஆசிட்டோடு ப்ளீச்சிங் பவுடரைச் சேர்ப்பது அதைவிட ஆபத்து. விஷ வாயு கிளம்பும்.

ஃபிளாட் வாங்கியவர்களுக்கு ஒரு முக்கிய சமாசாரம். 'ரேரா' என்கிறார்களே, அந்த 2016-ம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14-வது பிரிவு, வேலைப்பாட்டில் உள்ள குறைகளுக்கும் சேர்த்துத்தான். அந்தச் சட்டத்தின்கீழ் பதிவான கட்டடமானால், சாவியை ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருஷத்துக்குள் குறையைத் தெரிவித்தால், கட்டியவர் 30 நாளுக்குள் தம் செலவிலேயே சரிசெய்து தர வேண்டும். தவறினால் நஷ்ட ஈடு கேட்கலாம். போனில் சண்டை போடுவதில் பயனில்லை. சாக்குக் கட்டிக் குறியோடு எடுத்த போட்டோக்களை வைத்து, தேதி போட்டு எழுதி அனுப்புங்கள்.

வேலை முடிந்ததும் மிச்சக் கல்லை வாட்ச்மேனுக்குக் கொடுத்துவிடாமல் அரை டஜனைப் பரணில் ஏற்றி வையுங்கள். அட்டைப் பெட்டியில் அச்சிட்டுள்ள ஷேடு எண்ணையும் பேட்ச் எண்ணையும் குறித்துக் கொள்ளுங்கள். இரண்டு வருஷம் கழித்து அதே பெயரில் கடைக்காரர் கொடுக்கும் கல், நிறத்தில் ஒரு சாயல் மாறியிருக்கும். கூடத்து நடுவில் ஒட்டுப் போட்ட புடவை மாதிரி தனியாகத் தெரியும்.