நீர்க்கட்டியா, முத்துக்கட்டியா?

ஃபோனை ஒரு காதில் வைத்தால் குரல் கேட்கிறது, ஆனால் பேச்சு புரியவில்லை. மறு காதுக்கு மாற்றினால் தெளிவாக இருக்கிறது. இதை வயதின் கோளாறு என்று விட்டுவிடக் கூடாது. ஒரு பக்கம் மட்டும் கேட்கும் திறன் குறைந்தால், அந்தக் காதின் கேட்கும் நரம்பு போகும் வழியைப் பார்த்தே ஆக வேண்டும்.

அந்த வழிதான் உட்செவிக் கால்வாய். காதுக்கு உட்புறமாக, மண்டையோட்டின் மிகக் கெட்டியான எலும்புக்குள் சுமார் 1 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஓடுகிறது. கேட்கும் நரம்பு, சமநிலை நரம்புகள் இரண்டு, முகத்தை அசைக்கும் நரம்பு, உட்செவிக்கான ரத்தக்குழாய் எல்லாம் அதற்குள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. அங்கே சிறு கட்டி வந்தாலும் காது இரையும், தலை சுற்றும், சிலருக்கு முகம் துடிக்கும்.

அங்கு வருபவற்றில் பெரும்பாலானவை சமநிலை நரம்பின் உறையில் வளரும், புற்றுநோய் அல்லாத ஷ்வானோமா கட்டிகள். கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றி எம்.ஆர்.ஐ. எடுத்தால் அவை பளிச்சென்று தெரியும். சிக்கல், மருந்தை ஏற்காத அரிய கட்டிகளில்தான். மூளைத் தண்டுவட நீர் தேங்கிய அரக்னாய்டு நீர்க்கட்டி ஒன்று. கரு உருவாகும் முதல் வாரங்களில் தோல் செல்கள் உள்ளே சிக்கி வளரும் எபிடெர்மாய்டு இன்னொன்று. பிரெஞ்சு மருத்துவர் க்ரூவேலியே 1829இல் இதன் வெண்பளபளப்பைக் கண்டு முத்துக்கட்டி என்றார். வழக்கமான எம்.ஆர்.ஐ. படங்களில் இரண்டும் பெரும்பாலும் தண்ணீர் போலவேதான் தெரியும்.

இவற்றைப் பிரித்துக் காட்டுவது, எம்.ஆர்.ஐ.யிலேயே எடுக்கும் டிஃப்யூஷன் படம். நீர் மூலக்கூறுகள் எவ்வளவு தாராளமாக நகர்கின்றன என்பதை அது அளக்கிறது. நீர்க்கட்டிக்குள் தடையே இல்லை. படம் கறுப்பாக வரும். எபிடெர்மாய்டுக்குள் உதிர்ந்த தோல் செல்கள் வெங்காயச் சருகு போல அடுக்கடுக்காகக் கிடப்பதால் நீர் தாராளமாக நகர முடியாது; படம் வெள்ளையாக ஒளிரும். எனக்கு இதில் தீராத வியப்பு: ஊசி முனைகூடப் படாமல், கட்டிக்குள் தண்ணீர் எப்படி அசைகிறது என்று தெரிந்துவிடுகிறது!

ஆனால் சுற்றிலும் எலும்பும் காற்றறைகளும் இருப்பதால், வேகமாக எடுக்கும் சாதாரண டிஃப்யூஷன் படம் இந்த இடத்தில் கோணிப்போகும். சில மில்லிமீட்டர் கட்டி அதில் தொலைந்துவிடும். அதனால் கோணாத வகை டிஃப்யூஷனும், நரம்புகளைத் தனித்தனியே காட்டும் மெல்லிய துண்டுப் படங்களும் தேவை. கால்வாய் எலும்பு அரிக்கப்பட்டு அகன்றிருக்கிறதா என்பதை சி.டி. சொல்லும்.

தொல்லை தராத நீர்க்கட்டியை அவ்வப்போது ஸ்கேன் எடுத்துக் கண்காணித்தால் போதும். எபிடெர்மாய்டு வளரும்; அதன் மெல்லிய உறை நரம்புகளோடு ஒட்டிக்கொள்ளும். முழுவதும் உரித்தெடுக்கப் போனால் முக நரம்பு பாதிக்கப்படலாம். கொஞ்சம் விட்டுவைத்தால் திரும்பவும் வளரலாம். விட்டுவைத்தது வளர்கிறதா என்பதை, பின்வரும் ஆண்டுகளில் அதே டிஃப்யூஷன் படத்தில்தான் பார்க்கிறார்கள்.