ஜிம்மி காத்திருக்கக் கற்ற கதை

ஆரியங்கோடு, ரப்பர் மரங்களும் மரச்சீனி விளைகளும் சூழ்ந்த ஊர். தமிழ்நாட்டு எல்லை அதிகத் தொலைவில் இல்லை. இப்பகுதியின் பல வீடுகளில் தமிழும் மலையாளமும் கலந்தே ஒலிக்கும். பல வீட்டு முற்றங்களில் நாய் ஒன்றும் இருக்கும். எங்கள் வீட்டிலும் ஜிம்மி என்றொரு நாட்டு நாய் இருக்கிறது. அது உணவருந்தும் முறையைப் பற்றி, ஒரு மாலைப் பொழுது வரை நாங்கள் சிந்தித்ததே இல்லை.

அன்று, விடுமுறைக்கு வந்திருந்த தங்கையின் நான்கு வயது மகள், உண்டுகொண்டிருந்த ஜிம்மியின் பாத்திரத்தை நோக்கிக் கை நீட்டினாள். ஓர் உறுமல், அடுத்த நொடியில் குழந்தையின் மணிக்கட்டில் பல் பதிந்துவிட்டது. ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவி, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். ஜிம்மிக்குத் தடுப்பூசி போட்டிருந்தோம். ஆயினும் வெறிநோயின் அறிகுறி தோன்றியபின் உயிர் பிழைப்பது அரிதினும் அரிது என்பதால், முடிவை மருத்துவரிடமே விட்டோம். குழந்தை நலமடைந்தாள். அதன்பின் வீட்டில் எழுந்த கேள்வி ஒன்றுதான்: இனி இந்த நாயை வைத்திருக்கலாமா?

கொண்டுபோய் விட்டுவிடலாம் என்றோம் நாங்கள். வீட்டில் மூத்தவரான அம்மாவோ, “சொல்லிக் குடுக்காதது நம்ம குத்தம் மக்களே, அதுக்க குத்தம் இல்ல” என்றார். அந்தச் சொல்லே எங்களைக் கால்நடை மருத்துவரிடம் அழைத்துச் சென்றது.

மருத்துவர் நாயைப் பற்றிக் கேட்டதைவிட எங்களைப் பற்றிக் கேட்டதே அதிகம். எத்தனை மணிக்கு உணவு வைக்கிறீர்கள்? ஒருநாள் ஏழு, மறுநாள் ஒன்பது. யார் வைக்கிறீர்கள்? கை ஒழிந்தவர். பிள்ளைகள் விளையாட்டாகப் பாத்திரத்தைக் காட்டிப் பின்னே இழுப்பதுண்டா? உண்டு. பழகட்டும் என்று உண்ணும்போது பாத்திரத்தில் கைவிட்டுப் பார்த்ததுண்டா? அதுவும் உண்டு. அவர் சொன்ன விளக்கம் எளியது. கை அருகில் வந்தால் உணவு போய்விடும் என்று நாங்களே அதற்குக் கற்பித்திருக்கிறோம். அவசரமும் உறுமலும் கெட்ட குணத்தின் அடையாளங்கள் அல்ல; நம்பிக்கையின்மையின் அடையாளங்கள்.

இது நாய்க்கு மட்டும் உரிய இயல்பும் அன்று. அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் 28 சிறு குழந்தைகளைக் கொண்டு நடத்தப்பெற்ற ஓர் ஆய்வு 2013ஆம் ஆண்டு வெளியாயிற்று. மேசைமேல் ஓர் இனிப்பு வைக்கப்படும். உடனே உண்ணாமல் காத்திருந்தால் இரண்டாவது இனிப்பும் கிடைக்கும். அதற்கு முன்னதாகவே, ஆய்வாளர் ஒரு பகுதிக் குழந்தைகளுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றியிருந்தார், மறுபகுதியினருக்குத் தவறவிட்டிருந்தார். வாக்குக் காக்கப்பெற்ற குழந்தைகள் சராசரியாகப் பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தனர். ஏமாற்றப்பட்டோர் காத்திருந்தது மூன்று நிமிடமே. பொறுமை பிறவிக் குணம் மட்டுமன்று. சொன்னது நடக்கும் என்ற நம்பிக்கையிலும் அது விளைகிறது. வங்கிப் பணியில் இருக்கும் எங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கேட்ட நாளில் பணம் திரும்பக் கிடைக்கும் என்று நம்புகிறவரே அதை ஆண்டுக் கணக்கில் விட்டுவைக்கிறார்.

மருத்துவர் காட்டிய வழி மூன்று படிகளைக் கொண்டது.

முதலாவது, காத்திருத்தல். வீட்டில் ஒருவர் ‘இரு’ என்றும், ஒருவர் ‘இரி’ என்றும், பிள்ளைகள் ‘சிட்’ என்றும் ஆணையிட்டுக்கொண்டிருந்தோம். எல்லோரும் ‘இரு’ என்ற ஒரே சொல்லுக்கு வந்தோம். உணவு நேரத்தையும் ஒழுங்குபடுத்தினோம். ஜிம்மி அமர்ந்தால் பாத்திரம் கீழே இறங்கும். எழுந்தால், அதட்டல் ஏதுமின்றி, மேலே ஏறும். முதல் நாள் ஒன்பது முறை ஏறி இறங்கிற்று. பாத்திரம் தரையைத் தொட்டபின் ஒரு நொடி பொறுத்தாலும் உடனே ‘சாப்பிடு’ என்று விடை கொடுத்தோம். ஒரு நொடி இரண்டாகி, ஐந்தாகி, பத்தாயிற்று. அரை நிமிடத்திற்கு மேல் நீட்டவில்லை. அதற்கு மேல் நீட்டுவது பயிற்சியாகாது, வதையாகும். ‘சாப்பிடு’ என்றபின் ஒருநாளும் பாத்திரத்தை எடுத்ததில்லை.

இரண்டாவது, கையைப் பற்றிய அச்சத்தைப் போக்குதல். ஜிம்மி உண்ணும்போது பெரியவர் ஒருவர் ஏழெட்டு அடித் தொலைவில் நின்று, அவித்த முட்டைத் துண்டொன்றை அதன் பக்கம் எறிந்துவிட்டு விலகிச் செல்வார். சில நாட்களுக்கு ஒருமுறை அரை அடி நெருங்குவார். அதன் உடல் விறைத்தாலோ, அது முன்னிலும் வேகமாக விழுங்கினாலோ, மறுநாள் ஓரடி பின்வாங்குவார். மனிதர் நெருங்கினால் உணவு குறையாது, கூடும் என்பதே இதன் பாடம். உறுமினால் அடிக்கக் கூடாது. உறுமல் ஓர் எச்சரிக்கை. அதை அடித்து அடக்கினால் நாய் எச்சரிக்காமலே கடிக்கக்கூடும். ஏற்கெனவே கடித்த நாய்க்கு இப்பயிற்சியை மருத்துவரின் மேற்பார்வையின்றித் தொடங்குதலும் கூடாது.

மூன்றாவது, நம் சாப்பாட்டு நேரம். நம் தட்டிலிருந்து ஒரு வாய் கொடுத்தாலும், கெஞ்சினால் கிடைக்கும் என்று நாய் கற்றுக்கொள்ளும். அடுக்களை வாசலில் ஒரு சாக்கை விரித்து அதுவே ஜிம்மியின் இடம் என்றாக்கினோம். நாங்கள் உண்டு முடித்தபின் அதன் பங்கு அதன் பாத்திரத்திலேயே வைக்கப்படும். வெங்காயம் சேர்ந்த குழம்பு, உலர்திராட்சை, சாக்லேட், வேகவைத்த எலும்பு ஆகியவை நாய்க்குத் தீங்கானவை, அவற்றையும் நிறுத்தினோம்.

மகாபாரதத்தின் ஆதிபர்வத்தில் ஒரு நாயின் வழக்கு உண்டு. வேள்விச் சாலைக்கு வந்த நாயை ஜனமேஜயனின் தம்பியர் அடித்து விரட்டுகின்றனர். அவிப்பொருளை நக்கவுமில்லை, நோக்கவுமில்லை என்று அது தன் தாய் சரமையிடம் அழுகிறது. குற்றம் செய்யாத மகனை ஏன் அடித்தீர்கள் என்று தாய் வந்து கேட்கிறாள். அவர்களிடம் மறுமொழி இல்லை. எங்கள் அம்மாவின் சொல்லுக்கும் அன்று எங்களிடம் மறுமொழி இருக்கவில்லை.

நாய் வளர்க்க ஊராட்சி உரிமமும் வெறிநோய்த் தடுப்பூசியும் கேரளத்தில் கட்டாயம். எங்கள் வீட்டில் இன்னொரு விதியும் சேர்ந்துள்ளது: நாய் உண்ணும்போது குழந்தைகள் அருகில் செல்லலாகாது. ஜிம்மி எவ்வளவு திருந்தினாலும் இந்த விதி மாறாது.

ஓணத்திற்குத் தங்கையின் மகள் மீண்டும் வந்தாள். திண்ணையில் அம்மாவின் மடியில் அமர்ந்திருந்தாள். முற்றத்தில் பாத்திரம் வைக்கப்பட்டது, ஜிம்மி அமர்ந்தது. அதன் பார்வை பாத்திரத்தின்மேல் இல்லை, எங்கள் முகங்களின்மேல் இருந்தது. “இப்பச் சொல்லு மக்களே” என்றார் அம்மா. தழும்பு மறையாத கையை மடியிலேயே வைத்துக்கொண்டு, குழந்தை மெல்லிய குரலில், “சாப்பிடு” என்றாள்.