குடிப்பதற்கல்லாத கிணறு

புதிய ஊரில் குடியேறப் போகும் கமக்காரர் முதலில் எட்டிப் பார்ப்பது அங்குள்ள கிணற்றைத்தான். தண்ணீர் எத்தனை முழத்தில் நிற்கிறது, நன்னீரா உவர்நீரா என்று அறிந்த பின்னரே கொட்டில் போட இடம் தேடுவார். இடம்பெயர்ந்து பல ஊர்த் தண்ணீரைக் குடித்துவிட்ட நமக்கு இதை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ஒருவரும் ஒரு மிடறுகூடக் குடிக்காத கிணறுகளும் உலகில் உண்டு. நிலத்தடி நீர் கெடுகிறதா, திருந்துகிறதா என்று பார்ப்பதற்காகவே அமைக்கப்படும் இவற்றைக் கண்காணிப்புக் கிணறுகள் என்பர்.

இவற்றின் தேவையை விளங்கிக்கொள்ள, அவுஸ்திரேலியாவில் நடந்த ஒன்றைப் பார்ப்போம். வட பிராந்தியத்தில் டார்வின் நகருக்குத் தெற்கே றம் ஜங்கிள் என்ற இடம் இருக்கிறது. 1949 இல் அங்கு யுரேனியம் கண்டுபிடிக்கப்பட்டது. 1954 முதல் 1971 வரை சுரங்கம் இயங்கியது. யுரேனியத்தையும் செம்பையும் எடுத்துக்கொண்டு, வேண்டாத கல்லையும் மண்ணையும் குன்றுகளாகக் குவித்துவிட்டுப் போனார்கள்.

வெறுங்கல் என்ன செய்யும் என்று கேட்கலாம். அந்தக் கல்லில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த தாது இருந்தது. நிலத்தின் ஆழத்தில் கிடந்தவரை அதனால் தீங்கில்லை. வெளியே குவிந்து காற்றும் மழைநீரும் பட்டதும் அதிலிருந்து கந்தக அமிலம் உண்டாகியது. அமிலம் செம்பு, துத்தநாகம் முதலிய உலோகங்களைக் கரைத்தது. மாரிதோறும் இந்த நீர் கசிந்து பின்னிஸ் ஆற்றின் கிழக்குக் கிளையில் சேர்ந்தது. மீன்கள் அழிந்தன. கரையோர மரங்கள் பட்டுப்போயின.

குவியலுக்குள் நடப்பதை அறிய ஆய்வாளர்கள் அதனைத் துளையிட்டுப் பார்த்தார்கள். ஒரு குவியலின் உள்ளே வெப்பம் 50 பாகை செல்சியசுக்கும் மேலிருந்தது. எருக்கும்பியைக் கிளறியவர்களுக்கு இது புதுமையல்ல. உள்ளே வேலை நடக்கிறது என்பதற்கு அந்தச் சூடே சாட்சி.

இத்தகைய குவியலில் கிணறு இறக்குவது நமது ஊரில் குழாய்க்கிணறு அடிப்பதைப் போல இலகுவானதல்ல. சுண்ணாம்புக் கல்லில் இட்ட துளை இடியாமல் நிற்கும். குவியலிலோ பெருங்கற்களும் தூளும் கலந்து கிடப்பதால் துளை உடனே இடிந்து தூர்ந்துவிடும். ஆகவே துளைக்கத் துளைக்க இரும்புக் குழாயையும் கூடவே இறக்குகிறார்கள். தண்ணீர் பாய்ச்சித் துளைத்தால் அந்த நீர் உள்ளிருக்கும் நீருடன் கலந்து, பின்னர் எடுக்கும் மாதிரி பிழையாகிவிடும். இதனால் இயன்றவரை அமுக்கிய காற்றைக் கொண்டே தூளை வெளியேற்றுகிறார்கள்.

வேண்டிய ஆழம் வந்ததும் அமிலம் அரிக்காத பி.வி.சி. குழாயை இறக்குவார்கள். அதன் அடிப்பகுதியில் நீர் புகுவதற்கு மெல்லிய வெட்டுகள் இருக்கும். அவற்றைச் சுற்றித் தூய மணலும், மணலுக்கு மேல் நீர்பட்டு ஊதி அடைத்துக்கொள்ளும் பென்ரனைற்றுக் களிமண்ணும், அதற்கு மேல் சீமெந்தும் இடப்படும். இவை நிரம்ப நிரம்ப இரும்புக் குழாயை உருவி எடுப்பார்கள். களிமண் அடைப்புச் சரியில்லாவிட்டால் மேல்நீர் குழாயோரமாக வழிந்து அடிநீருடன் கலந்துவிடும். குவியலுக்குக் கீழுள்ள இயற்கை நிலத்தைக் கவனமின்றித் துளைத்தால், அமில நீர் ஆழத்துக்கு இறங்க நாமே வாய்க்கால் வெட்டிக் கொடுத்ததாகிவிடும்.

ஒரு கிணறு மட்டும் போதாது. நிலத்தடி நீர் வரும் பக்கத்தில் ஒன்று, குவியலில் ஒன்று, நீர் போகும் பக்கத்தில் ஒன்று என வேண்டும். அப்போதுதான் நீர் எவ்விடத்தில் கெட்டது என்று ஒப்பிட்டுச் சொல்லலாம். குழாயில் தேங்கிய பழைய நீரை இறைத்துவிட்டு, புதிதாக ஊறும் நீரையே மாதிரியாக எடுக்கவேண்டும். மாரியிலும் கோடையிலும் பார்த்து, நீர்மட்டத்தையும் அமிலத்தன்மையையும் ஆண்டுதோறும் பதிந்து வரவேண்டும்.

1982 முதல் 1986 வரை றம் ஜங்கிள் குவியல்களைச் சீராக்கி, களிமண்ணும் மேல்மண்ணும் இட்டு மூடினார்கள். மழைநீரில் நூற்றுக்கு 5 பங்குக்கு மேல் உள்ளே இறங்கக்கூடாது என்பது இலக்கு. மேலே புல் முளைத்தது. பார்ப்பவருக்கு நோய் மாறியது போலத் தோன்றியது. ஆனால் மண்மூடிக்குக் கீழே பதித்த அளவைக் கருவிகள், பின்னாளில் அந்த அளவு தாண்டப்பட்டதைக் காட்டின. 2009 இல் மத்திய அரசும் பிராந்திய அரசும் புனரமைப்புக்காக மீண்டும் உடன்படிக்கை செய்ய வேண்டியதாயிற்று.

இதில் காத்திருந்தவர்கள் யார்? அந்நிலத்தின் பூர்வீகச் சொந்தக்காரரான குங்கரக்கன், வறாய் மக்கள். 1981 இல் அப்பிரதேசம் பற்றிய அவர்களது காணி உரிமை கோரிக்கை ஏற்கப்பட்டது. ஆனாலும் நஞ்சேறிய சுரங்க நிலம் அவர்களிடம் சேரவில்லை. காணி திரும்பக் கிடைப்பது ஒன்று, அது வாழத்தக்க காணியாகக் கிடைப்பது இன்னொன்று என்பதை அவர்கள் அனுபவத்தில் அறிவார்கள்.

இந்தப் பாடம் நமக்கும் உரியது. 2014, 2015 ஆம் ஆண்டுகளில் சுன்னாகத்துக் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்தது பற்றி எழுந்த கவலையை நாம் மறக்கவில்லை. சொந்தக் காணிக்குத் திரும்புகின்றவர்கள், தண்ணீர் தெளிவாக இருக்கிறதே என்று நிறைவடைந்துவிடக் கூடாது. அருகில் குப்பைமேடோ எண்ணெய்க் கிடங்கோ கைவிட்ட குழியோ இருந்தால், அதன் இரு பக்கத்துக் கிணற்று நீரையும் பரிசோதிக்கும்படி ஊராகச் சேர்ந்து கேளுங்கள். முடிவை எழுத்தில் பெறுங்கள். மாரியிலும் கோடையிலும் நீர்மட்டத்தை ஒரு கொப்பியில் திகதியோடு எழுதி வையுங்கள். நாளை உங்கள் தண்ணீருக்காக நீங்கள் பேசும்போது, அந்தக் கொப்பியும் உங்களோடு சேர்ந்து பேசும்.