கிணற்று நீரின் கடினமும் அதன் பரிகாரமும்

கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னர் கடலின் அடித்தளமாக இருந்த அரியலூர் வட்டாரத்தில், மழையாகப் பெய்த ஜலம் மண்ணிலுள்ள கரியமில வாயுவைத் தன்னுள் வாங்கிக்கொண்டு, சிப்பிகளின் சுவடு பதிந்த சுண்ணாம்புப் பாறைகளின் இடுக்குகளில் மெல்ல இறங்கும்போது, அந்தப் பாறையையும் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொண்டே கிணற்றுக்கு வந்து சேருகிறது. கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றும் அந்த நீரில் துவரம்பருப்பு எளிதில் குழைவதில்லை. சோப்புக் கட்டி நுரைப்பதற்கு முன்பே பாதி கரைந்து, வெண்ணிறப் பிசுக்காகத் துணியில் ஒட்டிக்கொள்கிறது. வெந்நீர் அண்டாவின் உட்புறத்தில் நாளுக்கு நாள் பொருக்கு ஏறுகிறது. பருப்பு வேகட்டும் என்று பெண்கள் போடும் சிட்டிகை ஆப்பச்சோடா காரியத்தைச் சாதித்துவிடுகிறது என்பது உண்மையே; ஆனால் பருப்பிலுள்ள தயாமின் என்னும் ஜீவசத்தையும் அது அழித்துவிடுகிறது.

தேற்றாங்கொட்டையும் படிகாரமும் கலங்கலைத் தெளியவைக்கும். பிளீச்சிங் பவுடர் கிருமிகளைக் கொல்லும். இவற்றுள் எதுவும் கடினத்தைத் தொடுவதில்லை. ஆகவே எந்த இயந்திரத்தையும் வாங்கும் முன், குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடத்தில் ஒரு பாட்டில் நீரைக் கொடுத்துப் பரிசோதித்துக்கொள்வதே விவேகம். குடிநீரில் மொத்தக் கடினம் லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காவிடில் 600 வரை அனுமதிக்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. அந்தக் கடினத்தில் தற்காலிகமானது எவ்வளவு, நிரந்தரமானது எவ்வளவு என்பதையும் கேட்டறிய வேண்டும். பைகார்பனேட்டினால் வரும் தற்காலிகக் கடினம் கொதிக்கவைத்தாலே அடியில் படிந்துவிடும். சல்பேட்டும் குளோரைடும் தரும் நிரந்தரக் கடினமோ எத்தனை விறகு எரித்தாலும் போகாது. அதற்குச் சலவைச் சோடா வேண்டும்.

அபர்தீன் நகரில் ரசாயனப் பேராசிரியராக இருந்த தாமஸ் கிளார்க் 1841-இல் காப்புரிமை பெற்ற முறை, சுண்ணாம்பைச் சுண்ணாம்பாலேயே நீக்குவது. லிட்டருக்கு 200 மில்லிகிராம் கால்சியம் பைகார்பனேட் கடினமுள்ள ஆயிரம் லிட்டர் நீரில், கணக்குப்படி 148 கிராம் சுத்தமான நீற்றுச் சுண்ணாம்பைக் கரைத்துக் கலக்கினால், நாம் போட்டதும் நீரில் இருந்ததும் ஒருங்கே வெண்படிவாகி அடியில் அமர, மேலே தெளிந்த நீரை இறுத்துக்கொள்ளலாம். அளவு மிகுந்தால் நீரில் காரம் ஏறிவிடும். ஆதலால் துணி துவைக்கும் தொட்டிக்கே இதைச் சிபாரிசு செய்வேன்.

இன்று வீடுகளில் பொருத்தப்படும் மென்னீர்க் கருவி வேறு வகை. அதிலுள்ள பிசின் மணிகள் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு, மாற்றாகச் சோடியத்தை விடுகின்றன. மணிகள் களைத்துப்போனதும் உப்புக் கரைசலால் அவற்றைப் புதுப்பிக்க வேண்டும். லிட்டருக்கு 400 மில்லிகிராம் கடினமுள்ள நீரில் தினம் 500 லிட்டரை மென்மையாக்கும் குடும்பம், கொள்கையளவிலேயே நாளொன்றுக்குக் கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவான உப்பைச் செலவிடுகிறது; நடைமுறையில் இன்னும் அதிகம். இந்த உப்பு எங்கே போகிறது என்று விற்பவரும் சொல்வதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை. கொல்லைப்புறத்தில் விடப்படும் கழிவு நீர் அதே மண்ணில் இறங்கி அதே கிணற்றை அடைகிறது. சுண்ணாம்பையாவது படியவைத்து எடுக்கலாம், கிணற்றில் கலந்த உப்பைச் சுண்ணாம்பாலோ சோடாவாலோ எடுக்க வழியில்லை. குழாயில் காந்தத்தைக் கட்டினால் போதும் என்று சொல்வோரையும் நம்ப வேண்டாம். காந்தம் நீரிலுள்ள கால்சியத்தை வெளியேற்றுவதில்லை.

வீட்டுக்கு வேண்டிய நீர் முழுவதையும் மென்மையாக்க முயல்வதே இந்த விரயத்தின் மூலகாரணம். கழிப்பறைக்கும் வாசல் தெளிக்கவும் கடின நீரே போதும்; தென்னைக்கும் துளசிக்கும் சோடியம் மிகுந்த மென்னீரை விடவே கூடாது. ரத்த அழுத்தமுள்ளவர்கள் அதைக் குடிக்கவும் வேண்டாம். வெந்நீர்க் கருவிக்கும் சலவைக்கும் மட்டும் தனிக் குழாய் பிரித்துவிட்டால் சிறிய கருவியே போதுமானது.

சமையலுக்கோ, வானம் கொடுப்பதைவிட மென்மையான நீர் இல்லை. 2003-இல் தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்ச் சேகரிப்பைப் பெரும்பாலோர் நிலத்துக்குள் நீரை இறக்குவதோடு நிறுத்திவிட்டனர். நூறு சதுர மீட்டர் மொட்டை மாடியில் பத்து மில்லிமீட்டர் மழை பெய்தால், சேதாரம் நீங்கலாக, ஆயிரம் லிட்டருக்குச் சற்றுக் குறைவாகக் கிடைக்கும். முதல் மழையின் அழுக்கு நீரை வெளியே விட்டு, அடுத்ததை மணலில் வடித்து, வெளிச்சம் புகாத மூடிய தொட்டியில் சேர்த்து, குடிப்பதற்கானதை மட்டும் காய்ச்சிக்கொண்டால், ஐப்பசி, கார்த்திகையில் பிடித்த நீரே, தொட்டி பெரிதாயின், மாசி வரை பருப்பு வேகவைக்கக் காணும்.